சுரங்கப்பாதையில் தண்ணீர்

"மோட்டாரைப் போடாதீங்க சார்!" என்று வந்து மறித்து உட்கார்ந்துவிட்டாள் முத்துசெல்வி.

இன்ஜினீயர் தனபாலுக்கு ஒன்றுமே புரியவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனில், தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை வேண்டும் என்று ரயிலையே மறித்தவள் இவள்தான். இப்போது பாதி கட்டிய பாதைக்குள் கோடைமழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது.

"தண்ணிய எடுத்தாத்தானம்மா வேலை நடக்கும்?"

"மெதுவா நடக்கட்டும் சார். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"அவசரமில்லையா? நேத்துகூட ஒரு பெரியவர் தண்டவாளத்தத் தாண்டும்போது மயிரிழையில தப்பிச்சாரே!"

"அவிய என் மாமனாருதான். அவியளும் அவசரமில்லன்னுதான் சொல்லுதாவ."

தனபாலுக்குக் குழப்பம் கூடியது. "யாரும்மா உங்களைத் தூண்டிவிடுறது? கான்ட்ராக்டரா?"

"சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இருந்து பாருங்க சார்."

வெயில் சாய்ந்ததும் மணிச்சத்தம் கேட்டது. நேற்றுத் தப்பிய அந்தப் பெரியவர் முன்னால் நடக்க, பெரிய ஆட்டுமந்தை ஒன்று சரிவில் இறங்கித் தண்ணீரில் வாய்வைத்தது.

"கம்மாய் வத்திப்போச்சு சார்," என்றாள் முத்துசெல்வி. "கரிசக்காடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. நீங்க எங்க எறைச்சு ஊத்துனாலும் வெடிப்புக்குள்ள போயிரும். உங்க சிமெண்டுத் தரையிலதான் நிக்குது."

தனபால் ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். போன் அடித்தது. மேலதிகாரி.

"மோட்டார் வந்துருச்சாய்யா?"

"வந்துருச்சு சார். ஸ்டார்ட்தான் ஆகமாட்டேங்குது."