ஐநூறு ஐநூறாக

“விக்காதே! ஒரு ஷேரைக்கூட விக்காதே!”

கேட்டைத் திறந்து ஓடி வந்த வேகத்தில் சார்லுடைய ஒரு கால் செருப்பு படியிலேயே தங்கிவிட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருஷம் இருந்து பென்ஷன் வாங்கும் மனிதர்; தெருவுக்கே அவர் ‘முசியே’, அதாவது ஐயா. அவர் இப்படித் துள்ளி அந்தத் தெரு பார்த்ததில்லை.

ஏலத்தில் எடுத்த மீனோடு கூடையை இறக்கிய விசாலாட்சி பயந்தே போனாள்.

படகு இன்ஜின் பழுதாகி, அவள் புருஷன் கடலுக்குப் போகாமல் பத்து நாளாகிறது. மகள் வினோதினிக்கு இறால் தீவனக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனபோது வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு ஐநூறு பங்கு கொடுத்திருந்தார்கள். அதை இன்றைக்கு விற்றால்தான் இன்ஜின். மனசு ஆறாமல் வாசலில் நின்றபடியே சார்லிடமும் சொல்லி வைத்தாள். அவ்வளவுதான்.

“ஏன் முசியே, வித்தா என்ன?”

“இதைப் பாரு!” டேப்லெட்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். “கம்பெனி நடத்துறவங்க சொந்தக் கம்பெனி ஷேரையே வாங்கினா ஊருக்குச் சொல்லணும். நான் தினம் சந்தை மூடினதும் இதைத்தான் பாக்குறேன். உன் பொண்ணோட முதலாளி நூர் அகமது மூணு மாசமா வாங்கிக்கிட்டே இருக்காரு! உள்ள இருக்கிறவனே வாங்கினா என்ன அர்த்தம்?”

விசாலாட்சிக்கு டேப்லெட் புரியவில்லை. விஷயம் புரிந்தது.

“போட்டுக்காரன் ஏலத்துல விடாம வீட்டுக் கறிக்கு எடுத்து வச்சான்னா, அது நல்ல மீனு.”

“பிராவோ! அதேதான். அதுவும் எப்படி? ஐநூறு, ஐநூறுன்னு. யாரு கண்ணுலயும் படக் கூடாதாம். ஏதோ பெரிய ஆர்டர் வரப்போவுது. விலை ஏறுறதுக்குள்ள உன் பொண்ணு மாதிரி ஏமாளிங்ககிட்ட சுருட்டிப்புடணும். திருட்டுப் பய! ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபிக்கே லெட்டர் எழுதப் போறேன்.”

“எழுதுங்க எழுதுங்க. அவரு பின்னாடியே போயி காலையில நீங்க ஆயிரம் வாங்கினீங்களே, அதையும் சேத்து எழுதுங்க” என்று உள்ளேயிருந்து மனைவி மத்லேனின் குரல் வந்தது.

சார்லுக்கு அது மட்டும் காதில் விழவில்லை.

“எந்தெந்தத் தேதியில வாங்கினாரு முசியே?” என்றாள் விசாலாட்சி.

“மார்ச் ஆறு. ஐநூறு.”

“ஆறா? அன்னிக்குத்தானே பஹீமாவை ஆஸ்பத்திரியில சேத்தாங்க. என் பொண்ணு பக்கத்துலதான் அதுக்கும் வேலை.”

“ஏப்ரல் இருவத்திரெண்டு. ஐநூறு.”

“அங்கயே வேலை பாக்குற கார்முகில் வீட்டுக் கூரை எரிஞ்சதுக்கு மறுநாளு.”

சார்லின் குரலில் பாதி சுருதி இறங்கியது. “மே இருவது. ஆயிரம். இது பேராசைதானே?”

“சிவப்ரியா புள்ளைக்குக் காதுல ஆபரேஷன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் அங்கதானே வேலை? ஆளுக்கு ஐநூறு.”

ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இவங்க கஷ்டம் முதலாளிக்கு எப்படித் தெரியும்?” என்றார் சார்ல்.

“லீவு லெட்டர்ல காரணம் எழுதுறாங்கல்ல? வினோதினியும் இன்ஜின் போன கதையை எழுதிக் குடுத்திருக்கு. வெளியாளு ஒருத்தன்கூட அந்த ஷேரைச் சீண்ட மாட்டேங்கிறான்னு வினோதினி சொல்லும். இவங்களுது மட்டும் எப்படி வித்துச்சுன்னு எல்லாருக்கும் ஆச்சரியம்.”

சார்ல் அவசரமாக விலையைத் தேடினார். நூர் அகமது வாங்கிய பிறகு ஒவ்வொரு தடவையும் விலை இறங்கித்தான் இருந்தது.

“மோன் தியே! கடவுளே, அத்தனையும் நஷ்டம்!”

விசாலாட்சி அதற்குள் போனை எடுத்துவிட்டாள். “வினோ! தைரியமா விக்கப் போடு. அட, போடுடி. வாங்க ஆளு இருக்கு!”

மணி இரண்டே முக்கால். சந்தை மூட முக்கால் மணி நேரம். இருவரும் படியில் உட்கார்ந்து போனையே பார்த்தார்கள். மத்லேனும் கரண்டியோடு வந்து நின்றாள்.

மூன்று மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

“வித்துடுச்சா! முழுசுமா? முசியே, வித்துடுச்சு! இன்ஜின் வந்துடுச்சு!” விசாலாட்சி கூடையைச் சுற்றி ஒரு ஆட்டமே போட்டாள். சார்லும் ஒற்றைச் செருப்போடு சேர்ந்து ஆடினார். காலையில் வாங்கிய ஆயிரம் பங்கு நினைவு வந்ததும் நின்றுவிட்டார்.

“இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்” என்றார். “தனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லன்னு தெரிஞ்சே காசு போட்டு வாங்குவானா ஒருத்தன்? உலகத்துல எவன் இருக்கான் அப்படி?”

விசாலாட்சி கூடையின் துணியை விலக்கினாள். அவர் வழக்கம்போலக் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். விற்றது போக மிஞ்சியதை வாரம் ஆறு நாளும் அவர்தான் வாங்குவார். மொத்தமாக வாங்கினால்தான் லாபம் என்று தெருவில் பெருமை வேறு அடிப்பார்.

“மிச்சம் ரெண்டு கிலோ இருக்குமா? எல்லாத்தையும் போடு.”

போட்டாள். பையை நீட்டியவள் பிடியை விடவில்லை.

“மீனையே தொடக் கூடாதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் டாக்டரு சொல்லி ஒன்றரை வருஷமாச்சுன்னு மதாம் சொல்றாங்க. என் கூடையில மிஞ்சுறதைத் தினம் யாருக்கு முசியே வாங்குறீங்க?”

சார்ல் ஆகாயத்தைப் பார்த்தார். படியைப் பார்த்தார்.

“அது... பூனைக்கு.”

மத்லேன் கரண்டியைக் கதவில் தட்டிச் சிரித்தாள்.

“நம்ம வீட்டுல ஏதுங்க பூனை?”