ஆப்பிரிக்காவில் ஓர் அழகம்மா

டயகம தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் காலை வெயில் விழுகிறது. தென்சூடான் போர்முனையில் ஓராண்டு இராணுவத் தாதியாக இருந்துவிட்டு நேற்றுத் திரும்பிய தக்ஷிகா, ஐ.நா.வின் நீலத் தொப்பியை அம்மா அழகம்மாவின் தலையில் வைக்கிறாள். கொழுந்து பறிக்கக் கிளம்பிய பெண்கள் கூடைகளோடு நின்று சிரிக்கிறார்கள். “வெடிச் சத்தத்துல பயமா இல்லையாடி?” என்கிறாள் அழகம்மா. “பயமாத்தான் இருந்துச்சும்மா. அப்பதான் ஒரு புள்ளத்தாச்சிய தூக்கிட்டு வந்தாங்க. கூடாரத்துலயே பிரசவம் பாத்தேன்.” கைப்பேசி வீடியோவில் ஒரு குட்டி முகம் கொட்டாவி விடுகிறது. “பொம்பளப் புள்ள. தாய்க்காரி என் பேர வைக்கணும்னு கேட்டா. நான் ஒங்க பேரச் சொல்லிட்டேன்.” அழகம்மா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, “ஆப்பிரிக்காவுல ஒரு அழகம்மா இருக்காடி!” என்று கூவியபடி பக்கத்து லயத்துக்கு ஓடுகிறாள்.