கையை விட்டால்

"கையை விடச் சொல்லாதீங்க தம்பி. விட்டா அவ போயிடுவா."

முழங்கையில் சூடான ஒத்தடப் பையோடு, கண்ணை மூடியபடி சொன்னார் பிளம்பர். பிசியோதெரபிஸ்டுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒத்தடப் பைகளின் ஆவியில் அறையே வெதுவெதுப்பாக மிதந்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஓர் இடுப்புவலிக்காரர் வந்த காரியத்தை மறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பிளம்பரின் முழங்கை வலிக்கு வயது ஒன்று. டென்னிஸ் எல்போ என்று பெயர் சொன்னபோது, டென்னிஸ் மட்டையை டிவியில் பார்த்ததோடு சரி என்று சிரித்தார். ஸ்பானர் பிடித்தாலும் வரும் என்றான் தெரபிஸ்ட். ஊசி போட்டுப் பார்த்தாயிற்று. சில வாரம் சுகமாக இருந்தது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். மழைக்காலம் முடிவதற்குள் குணமாகாவிட்டால் ஆபரேஷன் என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கத்தி பட்ட கையில் பிடி தளர்ந்துவிடுமோ என்று மனிதருக்கு உள்ளூர உதறல்.

கத்தியில்லாமலே ஆறும் என்று தெரபிஸ்ட் உறுதியாக நம்பினான். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நார் பழைய கயிறு மாதிரி நைந்திருக்கிறது, சும்மா வைத்தால் இன்னும் நையும், அளவாக வேலை கொடுத்தால் தேறும் என்று விளக்கினான். மேஜை விளிம்புக்கு வெளியே மணிக்கட்டை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மெல்ல மெல்ல இறக்கவேண்டும். ஏற்றிவிட இடது கை உதவலாம். இறக்குவது வலது கையின் பாடு. எதையும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

பிளம்பர் எல்லாவற்றையும் சொன்னபடி செய்தார். ஸ்பானர் பிடியில் ரப்பர் சுற்றித் தடிமனாக்கினார். பால் பாக்கெட்டைக்கூட உள்ளங்கையில் ஏந்தித்தான் எடுத்தார். சாயங்காலம் வலி நன்றாகக் குறைந்திருக்கும். விடிந்தால் சாண் ஏறி முழம் சறுக்கியிருக்கும். தூங்கும்போது எதையாவது பிடித்துக்கொள்கிறீர்களா, அதை விட்டால்தான் ஆறும் என்று இன்றைக்கு இவன் சொன்னபோதுதான், விட்டால் அவ போயிடுவா என்றார் அவர்.

அவர் மனைவி தூக்கத்தில் நடக்கிறாளாம். அதனால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேதான் படுப்பாராம்.

அவர் சொல்லச் சொல்ல தெரபிஸ்டுக்கே கண் சொக்கியது. அவள் எழுந்து, தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கிப் படியிறங்குவாளாம். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஈரத் தரை மஞ்சளாகக் கிடக்குமாம். தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி கால் மெதுவாகத்தான் எழுமாம். மண்ணுக்கடியில் குழாய்களில் தண்ணீர் ஓடுவது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேட்குமாம். அவளை எவ்வளவு கூப்பிட்டாலும் குரல் வெளியே வராதாம்.

"பிடிச்ச கையை விடாம கூடவே போவேன் தம்பி. திரும்பி வந்தது மட்டும் நினைப்புல நிக்காது. கண்ணு முழிச்சா கட்டில்ல கிடப்போம், கை அவ மணிக்கட்டுல இருக்கும்."

மனைவிக்கு இது தெரியுமா என்று கேட்டான். தெரிந்தால் பயந்துபோவாள், அவளாகக் கேட்டதுமில்லை, இவர் சொன்னதுமில்லை என்றார். ஆபரேஷன் செய்து ராத்திரி பிடி நழுவினால் அவள் எங்கே போய் நிற்பாளோ என்பதுதான் அவருடைய கவலையெல்லாம்.

பக்குவமாக நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் கையில் பாட்டிலைக் கொடுத்து உட்காரவைத்தான்.

மனைவி வெளி பெஞ்சில், மடக்கிய குடையின் மேல் மோவாயை வைத்து அரைத்தூக்கத்தில் இருந்தாள். அவனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபரேஷன்தானா என்று கேட்டாள். இல்லை என்று தைரியம் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான். தூக்கத்தில் நடப்பது பலருக்கும் உள்ளதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. கதவின் உச்சியில் இன்னொரு தாழ்ப்பாள் போடலாம், அதில் ஒரு மணி கட்டலாம். ராத்திரியில் அவர் கைக்கு ஓய்வு கிடைத்தால் நார் தானாகத் தேறிவிடும்.

அவள் திடுக்கிடவில்லை. இடது மணிக்கட்டை மெல்லத் தடவிக்கொண்டாள். அதில் விரல் தடங்கள் லேசாகக் கன்றியிருந்தன.

"நான் நடக்கிறேன்னா சொன்னார்?"

தலையசைத்தான். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிளம்பர் நாக்கைக் கடித்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி பாட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"அவர் அப்படியே நினைச்சுக்கட்டும் தம்பி. மணி வேணும்னா கட்டிக்கறோம். நான் கட்டில்ல அந்தப் பக்கம் மாறிப் படுத்துக்கறேன், இடது கையால பிடிக்கட்டும், வலது கை ஆறட்டும்," என்றாள். "ஆனா கையை விட மட்டும் சொல்லிடாதீங்க. எந்திரிச்சு நடக்கிறது அவர்தான், தெருமுனையில திருப்பிக் கூட்டிட்டு வர்றது நான். விட்டா அவர் போயிடுவார்."