கடற்கரையில் ரெண்டு நாள்

"டிரைவர் வெளியிலேயே இருக்கட்டும் சார். உள்ள தங்கறவங்களுக்கு மட்டும்தான் அனுமதி."

கேட்டைத் திறந்துவிட்ட காவல்காரன் இப்படிச் சொன்னதும் வேன்காரன் பேங்க்காரனின் முகத்தைத்தான் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்ச். 'டிரைவர் இல்லப்பா, எங்க ஃபிரண்டு' என்று சொன்னால் போதும். வாய் வலிக்கவா போகிறது?

பேங்க்காரன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "சரிப்பா, அவர் வண்டியை வெளியில விட்டுட்டு, சாமானை மட்டும் இறக்கி வைக்கட்டும்."

அவர்! வேன்காரனுக்குச் சுருக்கென்றது.

பத்து நாள் முன்னால் இதே பேங்க்காரன்தான் போனில் தேனாகப் பேசினான்.

"மச்சான், சனி ஞாயிறு குடும்பத்தோட பீச்சுக்குப் போறோம்டா. நான், மருந்துக்கடை, வாத்தியார். நீயும் வந்தாத்தான் களை கட்டும். கையைக் கடிக்காம போய்ட்டு வந்துடணும். உன் ஸ்கூல் வேன் லீவு நாள்ல சும்மாதானே நிக்குது?"

"வண்டியை விடுடா, அது நம்ம வண்டி! ஓட்டல் சாப்பாடு மட்டும் எதுக்குங்கறேன்? நம்ம வீட்டுக்காரி அம்பது பேர் வந்தாலும் அசராம ஆக்கிப் போடுவா. சமையல் நம்ம பொறுப்பு!"

இத்தனை வருஷம் கழித்துக் கூப்பிட்டுவிட்டார்களே என்ற குஷி அவனுக்கு. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

கடலை ஒட்டிய வீடென்றால் வாடகை எகிறும் என்று இதைப் பிடித்திருந்தார்கள். கடலுக்குப் பத்து நிமிஷ நடை. மரங்களுக்கு நடுவே மூன்று அறை, ஒரு ஹால், பின்பக்கம் சமையலறை. வந்திருந்ததோ நாலு குடும்பம், பதினைந்து உருப்படி.

"நீ வண்டியிலேயே படுத்துக்க மச்சான். வண்டிக்கும் பாதுகாப்பு" என்றான் மருந்துக்கடைக்காரன். "தங்கச்சியும் பாப்பாவும் ஹால்ல படுத்துக்கட்டும்."

"அதுக்கென்னடா" என்று வேன்காரன் சிரித்து வைத்தான்.

சாயங்காலம் கரைக்குக் கிளம்பியபோது பாய், தண்ணி கேன், பிள்ளைகளின் பந்து எல்லாம் எப்படியோ அவன் தோளுக்கே வந்து சேர்ந்தன. மணலில் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். அவனும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றான்.

"மச்சான், நீ எடேன்" என்று வாத்தியார் போனை நீட்டினான்.

"நீயும் வாப்பா!" என்று கூப்பிட்டாள் வேன்காரனின் ஏழு வயசு மகள்.

"அப்பா இங்க வந்துட்டா போட்டோ யாரும்மா எடுப்பா?" என்றாள் வாத்தியார் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த முகமாகவே பதினோரு படம் எடுத்துக் கொடுத்தான்.

திரும்பி வந்தபோது சுடச்சுடச் சோறும் வறுத்த மீனும் தயாராக இருந்தன. "தங்கச்சி கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா!" என்றான் பேங்க்காரன். அந்த ஒரு நிமிஷம்தான் வேன்காரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நான் சொல்லலே?" என்று இன்னும் ரெண்டு துண்டு மீன் கொண்டுவரச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் அலையில் குளிக்க, அவன் செருப்புகளுக்குக் காவல் உட்கார்ந்தான். திரும்பி வந்ததும் தயாராக இருந்த மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் டீசல் போட நிறுத்தியபோது போனைப் பார்த்தான். வாட்ஸப்பில் அவன் எடுத்த படம். கீழே பேங்க்காரன் எழுதியிருந்தான்: 'மூணு குடும்பம், ஒரே மனசு!'

மூணு.

அதற்கப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்த கை தளரவேயில்லை. ஒவ்வொருத்தரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தான். கதவைச் சாத்தியதும் வெடித்தான்.

"பாத்தியா அவனுங்களை? ஆறு வருஷம் ஒண்ணா உக்காந்து படிச்சவன், காவல்காரன் முன்னாடி என்னை டிரைவராக்கிட்டான்! ரெண்டு நாளும் மூட்டை தூக்க ஒரு ஆள், செருப்பு பாக்க ஒரு ஆள். ஒருத்தனாவது 'நீயும் வாடா'ன்னு சொன்னானா? கூட வந்தவனும் ஒரு மனுஷன், அவனுக்கும் ஆசை இருக்கும்னு தோணாதா?"

மனைவி குழாயடியில் உட்கார்ந்து, கொண்டுபோன பெரிய அண்டாவின் அடிக்கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நான் பாட்டுக்குக் கத்தறேன், நீ பாத்திரம் தேச்சுட்டிருக்கியே! உனக்கென்ன, உன்னையா வெளியில நிறுத்தினாங்க? பட்டவனுக்குத்தான் தெரியும்."

"ம்" என்றாள் அவள்.

அதற்குள் மகள் ஓடிவந்தாள். பாவாடையில் மடித்து வைத்திருந்த கிளிஞ்சல்களை அம்மாவின் பக்கத்தில் கொட்டினாள்.

"கடல் எவ்ளோ பெருசும்மா!"

அவள் கரிக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஒரு கிளிஞ்சலை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குரலில் கோபமில்லை, குத்தலில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்படியா கண்ணு? டி.வி.யில காட்டறதை விடப் பெருசா?"