நாற்பத்தொன்றாவது மூட்டை

அடுத்து வரப்போகும் போருக்கு ராணுவம் வருடாவருடம் ஒத்திகை பார்க்கும். அந்த ஒத்திகையில் காயம்பட்ட சிப்பாய்கள் எல்லாம் மணல் மூட்டைகள்தான். காலையில் நானும் என் மச்சினனும் நாற்பது மூட்டை கட்டி மைதானத்தில் கிடத்துவோம். பிறகு ஒவ்வொன்றாக ஸ்ட்ரெச்சரில் தூக்கி மருத்துவக் கூடாரத்தில் சேர்ப்போம். டாக்டர்கள் பார்த்து அட்டை கட்டுவார்கள். சாயங்காலம் மணலைக் கொட்டிவிட்டுச் சாக்குகளை மடித்துக் கொடுக்க வேண்டும்.

இந்த வருடம் கூடாரத்தில் நாற்பத்தொன்று இருந்தது.

"ஏன் மாமா, இந்த வயசுல எழுத்து படிக்கக் கத்துக்கிட்டதும் எண்ணிக்கை மறந்துபோச்சா?" என்று மச்சினன் சிரித்தான்.

நாற்பதைக் கொட்டினோம். கடைசி மூட்டையின் முடிச்சு நாங்கள் போட்டது இல்லை. கயிற்றை இரண்டு சுற்று சுற்றி இடப்பக்கம் இழுத்திருந்தது. இடக்கைக்காரனான என் மகன்தான் அப்படிக் கட்டுவான். அவன் பட்டாளத்தில் சேர்ந்து எல்லைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது.

அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பிழைப்பான். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்.'

"அதையும் கொட்டிட்டுக் கிளம்புங்கப்பா. டாக்டருங்க லாரியே கிளம்பிருச்சு," என்று அதிகாரி வெளியிலிருந்து கத்தினார்.

மச்சினன் குனிந்து முடிச்சைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க முன்னாடி பிடிங்க மாமா," என்றான்.

லாரிக்குப் பின்னால் ஓடினோம். ஓட ஓட ஸ்ட்ரெச்சரின் கனம் குறைந்துகொண்டே வந்தது.

"மணல் சிந்துதாடா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. திரும்பிப் பாக்காம ஓடுங்க."