எப்போதும் மூன்று பேர்

மனித குலத்துக்கு ஒரு நற்செய்தி: எங்கள் அலுவலக மென்பொருள் இனி ஒருபோதும் விழாது. மேஜை மேல் ஏறாத குறையாக மேலாளர் இதை அறிவித்தார்.

ஒரே மூட்டையாகக் கிடந்த மென்பொருளைத் தனித்தனியே ஓடும் சின்னப் பெட்டிகளாக, அதாவது கன்டெய்னர்களாகப் பிரித்திருந்தோம். ஒரு வேலைக்கு எத்தனை கன்டெய்னர் ஓட வேண்டும் என்று எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். ஒன்று செத்தால், அச்சு அசலாக இன்னொன்றைக் கணினியே எழுப்பிவிடும். உற்சாகம் தாங்காமல் மேலாளர் எங்கள் மூன்று பேர் குழுவையும் அந்தக் கணினிப் பட்டியலில் சேர்த்து, 'எப்போதும் மூன்று பேர்' என்று எழுதிவைத்தார். சிரித்தோம்.

வேலை குறைந்ததும் எங்கள் மூவரில் ஒருவரான தாடிக்காரரை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த எண்ணை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை போனால், தாடிக்காரர் தன் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். அதே தாடி, அதே தும்மல். அப்போது எனக்கு போன் வந்தது. பேசியதும் அவர்தான்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வாசல்லதான்டா. மேனேஜர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன். வேலை போனதை வீட்டுல இன்னும் சொல்லல."

நான் போய்ச் சொன்னதும் மேலாளர் கண்ணாடி வழியே வாசலைப் பார்த்தார். பிறகு தாடிக்காரரின் நாற்காலியைப் பார்த்தார்.

"உள்ள இருக்கிறவரு நல்லாத்தானே ஓடுறாரு? இடம் காலி இல்லைன்னு சொல்லிடுப்பா."

சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். ஒரு இருக்கைதான் காலியாக இருந்தது. வேலை பார்த்த களைப்பில் இருந்தவர் உட்கார்ந்துகொண்டார்.