கற்பூரவல்லிக்கு ஒரு சொம்பு

கொட்டிவாக்கத்தில், கடல் இரைச்சல் ஓயாத ஒரு ஜன்னலில் மத்தியான வெயில் விழுகிறது. பெயின்ட் டப்பாவில் நிற்கும் கற்பூரவல்லி தண்ணீரில்லாமல் குறுகிவிட்டது. சிறுத்த இலைகள் தொடாமலே காரமாக மணக்கின்றன. ஜன்னலை ஒட்டிய கட்டிலில் ராபர்ட் படுத்திருக்கிறார். டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். அவர் கண்ணெதிரே சொம்பைச் சாய்க்க மனசு வராமல், மனைவி ஜெனிதா செடிக்கு ஊற்றுவதையே விட்டுவிட்டாள். தானும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் குடிக்கிறாள். "அதுக்கு ஊத்து ஜெனி," என்கிறார். "டாக்டர் எனக்குத்தான வாணான்னாரு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுகிறாள். காய்ந்த மண் சொர்ரென்று உறிஞ்சுகிறது. ராபர்ட்டின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்குகிறது.